சாருலதாவின் தொலைநோக்குக் கண்ணாடி

திரைப்படத்திலும் ஒளிப்படத்திலும் இடம்பெறும் பொருள்களுக்கு உட்பொருள் தேடும் வழக்கம் பார்வையாளரிடையே பரவலாக இருந்தாலும், அத்தேடல் பெரும்பாலும் அகராதி புரட்டுவதைப் போன்றே நடைபெறுகிறது: கூண்டுப் பறவை என்றால் சிறை, அணையும் விளக்கு என்றால் மரணம், மழை என்றால் மனக்கொந்தளிப்பு என முன்னரே முடிவான பொருள்கள் காட்சியின் மேல் ஒட்டப்படுகின்றன. இத்தகைய வாசிப்பில் இயக்குநர் எடுத்த முடிவுகள் கண்ணில் படாமலே போய்விடுகின்றன. ஒரு பொருளைக் கேமரா எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கிறது, எந்தக் காட்சியை அடுத்து அது வருகிறது, யார் கையில் எத்தனை முறை தோன்றுகிறது, ஒவ்வொரு முறையும் அதனால் என்ன செய்யப்படுகிறது என்பவை ஒன்றுசேர்ந்தே அப்பொருளைக் குறியீடாக்குகின்றன. இதனை விளக்கிக் காட்டுவதற்குச் சத்யஜித் ராய் 1964இல் இயக்கிய ‘சாருலதா’ என்ற வங்கமொழிப் படத்தைவிடப் பொருத்தமான படைப்புகள் மிகச் சிலவே உள்ளன.

கேமரா ஓடத் தொடங்கியது முதல் நிற்கும் வரை இடைவெட்டின்றிப் பதிவாகும் படத்துண்டு ‘ஷாட்’ எனப்படும். தனித்த ஒரு ஷாட்டின் பொருள் நிலையானதன்று என்பதை ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் தம் புகழ்பெற்ற சோதனையின் வழி உணர்த்தினார் என்று திரைப்பட வரலாறு கூறுகிறது. நடிகர் இவான் மொசூஹினின் உணர்ச்சியற்ற முகத்தைக் காட்டும் ஒரே ஷாட்டைச் சூப் நிறைந்த கிண்ணம், சவப்பெட்டி முதலிய வெவ்வேறு காட்சிகளோடு மாற்றி மாற்றி இணைத்தபோது, அதே முகத்தில் பார்வையாளர்கள் ஒருமுறை பசியையும் மற்றொரு முறை துயரத்தையும் கண்டனர் என்பதே அச்சோதனை பற்றிய செய்தி. பார்க்கும் முகம், அதனை அடுத்து வரும் பார்க்கப்படும் பொருள் என்ற இந்த இணைப்பைத்தான் ‘பார்வைக்கோண ஷாட்’ என்ற உத்தி பயன்படுத்துகிறது. கதைமாந்தர் எதைக் காண்கிறாரோ அதையே, அவர் கண்ணிருக்கும் இடத்திலிருந்து பார்வையாளரும் காண்கின்றனர். ‘சாருலதா’வின் தொடக்கம் முழுவதும் இவ்வுத்தியின் மேல் எழுப்பப்பட்டதாகும்.

இரவீந்திரநாத் தாகூர் 1901இல் எழுதிய ‘நஷ்டநீட்’ என்ற குறுநாவலைத் தழுவிய இப்படத்தின் கதை ஏறத்தாழ 1880ஆம் ஆண்டுக் கல்கத்தாவில் நிகழ்கிறது. செல்வந்தரான பூபதி ஆங்கில அரசியல் செய்தித்தாள் ஒன்றை வீட்டிலேயே அச்சிட்டு நடத்துவதில் மூழ்கியிருக்கிறார்; பிள்ளைப்பேறற்ற அவருடைய இளம் மனைவி சாரு, வேலையாட்கள் நிறைந்த பெரிய வீட்டில் செய்வதற்கு ஒன்றுமின்றிப் பொழுதைக் கழிக்கிறாள். எழுத்தார்வமிக்க அமல் என்ற உறவினன், பூபதிக்குத் தம்பி முறையினன், வந்து சேர்ந்தபின் சாருவின் மனத்தில் எழும் சலனமே கதை. மாதவி முகர்ஜி சாருவாகவும், சௌமித்ர சட்டர்ஜி அமலாகவும், சைலேன் முகர்ஜி பூபதியாகவும் நடித்தனர்.

படத்தின் முதல் ஷாட்டில் ஒரு கைக்குட்டையில் கணவன் பெயரின் முதலெழுத்தான ஆங்கில ‘பி’யைப் பூத்தையலாகத் தைக்கும் சாருவின் கைகள் மட்டும் தெரிய, அவற்றின் மேல் பெயர்கள் ஓடுகின்றன. அதன்பின் ஏறத்தாழ ஏழு நிமிடங்கள், பணியாளிடம் தேநீரைப் பற்றிச் சொல்வது போன்ற ஓரிரு சொற்களைத் தவிர உரையாடலே இல்லை. சாரு புத்தக அலமாரியருகே சென்று பங்கிம் சந்திரரின் நாவல் ஒன்றை எடுக்கிறாள். தெருவிலிருந்து குரங்காட்டியின் உடுக்கையொலி கேட்டதும் அறைக்குள் ஓடி, கைப்பிடி பொருத்திய சிறிய தொலைநோக்குக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, சாய்வான மரச்சட்டங்கள் அடுக்கிய சன்னல் கதவுகளின் இடுக்குகள் வழியே வெளியே நோக்குகிறாள். குரங்காட்டியும், பல்லக்குச் சுமப்போரும், குடை பிடித்த பருத்த மனிதர் ஒருவரும் தெருவில் போகின்றனர். அம்மனிதர் கண்ணிலிருந்து மறையவே, அவரைத் தொடர்ந்து சாரு ஒரு சன்னலிலிருந்து அடுத்த சன்னலுக்கு ஓட, கேமராவும் அவளோடு பக்கவாட்டில் நகர்கிறது. இதுவரை அக்கண்ணாடி ஒரு விளையாட்டுப் பொருளே ஆயினும், அதன் இயக்க முறை பார்வையாளருக்குக் கற்பிக்கப்பட்டுவிட்டது: எட்ட முடியாததை அது அருகே கொண்டுவருகிறது, ஆனால் சுற்றியுள்ள அனைத்தையும் மறைத்து ஒரு வட்டத்துள் அடைத்தே அவ்வாறு செய்கிறது.

இந்தப் பாடம் முடிந்த பின்னரே ராய் தம் காயை நகர்த்துகிறார். பூபதி தாழ்வாரத்தில் நடந்து வருகிறார். கையிலுள்ள நூலில் ஆழ்ந்திருப்பதால், மிக அருகில் நிற்கும் மனைவியை அவர் கவனிக்கவேயில்லை. அவர் கடந்து சென்றபின் சாரு மெல்லக் கண்ணாடியை உயர்த்தி, தெருவில் போன அந்நியர்களைப் பார்த்தது போலவே கணவனின் முதுகையும் பார்க்கிறாள். ஓரிரு அடி தொலைவில் இருந்த ஒருவரைக் காண்பதற்குத் தொலைநோக்கி வேண்டியிருக்கிறது என்ற கசப்பான உண்மை, ஒரு சொல்லுமின்றி, நகைச்சுவைக்கு மிக நெருக்கமான ஒரு செயலாக இங்கே வெளிப்படுகிறது. அவள் கை தாழ்ந்ததும் காட்சி சட்டென்று பின்வாங்கி, பெரிய வீட்டுக்குள் அவளைச் சிறிய உருவமாக்கிவிடுகிறது. கேமராவை நகர்த்தாமல், வில்லையின் குவியத்தொலைவை மட்டும் மாற்றிக் காட்சிப்பரப்பை விரிக்கவோ சுருக்கவோ செய்யும் ‘ஜூம்’ என்ற உத்தியால் இது நிகழ்கிறது. கேமரா தண்டவாளத்தின் மேல் நகர்ந்திருந்தால் முன்னும் பின்னும் உள்ள பொருள்களின் ஒப்புநிலை மாறி, யாரோ ஒருவர் அவளைவிட்டு நடந்து விலகுவது போன்ற உணர்வு தோன்றியிருக்கும். ஜூமிலோ நிற்கும் இடம் மாறுவதில்லை, தொலைவு மட்டும் திடீரெனப் பெருகுகிறது. தன் கண்ணாடியைத் தாழ்த்திய சாருவுக்கு நேர்வதும் ஏறத்தாழ இதுவேயாதலால், உத்திக்கும் உணர்வுக்கும் இடையிலான பொருத்தம் வியக்கத்தக்கதாக அமைகிறது.

அமலின் வருகை இதற்கு மாறான முறையில், சித்திரை, வைகாசி மாதங்களில் வங்கத்தைத் தாக்கும் ‘கால்பைசாகி’ என்ற புயற்காற்றோடு காட்டப்படுகிறது. புயலோடு நுழைந்து வீட்டைக் குலைப்பவன் என்ற குறியீடு வெளிப்படையானதுதான் என்றாலும் அது உறுத்துவதில்லை. அப்பருவத்தில் அந்நகரில் மாலைதோறும் எதிர்பார்க்கத்தக்க வானிலையாகவே அது முதலில் நம்பத்தக்கதாக இருக்கிறது. குறியீடாக இருப்பதற்கு முன் பொருள் பொருளாகவே இருந்தாக வேண்டும் என்பதில் ராய் மிகுந்த கண்டிப்புக் காட்டியவர்.

தோட்டத்தில் சாரு ஊஞ்சலாடும் காட்சியில் அதே கண்ணாடி மீண்டும் வருகிறது. அவளோடு கேமராவும் சேர்ந்து ஆடுவதால், அவளுடைய முகம் சட்டகத்தில், அதாவது திரையின் நாற்கர எல்லைக்குள், ஓரிடத்தில் நிலைத்திருக்க, பின்னாலுள்ள மரங்களும் வானமும்தாம் ஏறி இறங்குகின்றன. கேமராவைத் தரையில் நிறுத்தியிருந்தால் ஆடும் பெண் ஒருத்தியைப் பார்வையாளர் வெளியிலிருந்து கண்டிருப்பர். இங்கே அவளுடைய உலகமே நிலைபெயர்வதை அவளுடனிருந்து உணர்கின்றனர். படத்தின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா. எனினும் இப்படம் முதல் கேமராவைத் தாமே இயக்கும் வழக்கத்தை ராய் மேற்கொண்டார் என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. புல்வெளியில் பாய் விரித்துப் படுத்து அமல் எழுதிக்கொண்டிருக்க, சாரு கண்ணாடியைச் சுற்றிலும் திருப்புகிறாள். பக்கத்து வீட்டில் ஒரு தாயும் குழந்தையும் தெரிகின்றனர். பின்னர் கண்ணாடி அமலின் மேல் வந்து நிற்கிறது. குழந்தையில்லாப் பெண்ணின் ஏக்கம் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்திற்கு இடம்பெயரும் அக்கணத்தில் தன் மனத்தை அவளே முதன்முறையாகக் கண்டுகொள்கிறாள். குலெஷோவின் சோதனையில் அடுத்தடுத்த படங்கள் பொருளை உண்டாக்கியது போலவே, பூபதியின் முதுகையும் குழந்தையையும் அமலையும் வரிசைப்படுத்தியதால்தான் இக்கண்ணாடி பொருள் பெறுகிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்றை நீக்கினாலும் அது மீண்டும் வெறும் கண்ணாடியாகிவிடும்.

ஒளியமைப்பும் இவ்வாசிப்பில் அடங்கும். 1956இல் வெளிவந்த ‘அபராஜிதோ’வுக்காகக் காசி நகரத்து வீட்டு முற்றத்தைக் கல்கத்தாவின் ஸ்டூடியோவில் அமைத்தபோது, திறந்த வானத்திலிருந்து பரவும் மென்மையான ஒளியைச் செயற்கையாகப் பெறுவதற்காக, மித்ரா அரங்கின் மேல் வெள்ளைத் துணியை விரித்து, விளக்குகளை அதன் மீது பாய்ச்சித் திரும்பிவரும் ஒளியால் காட்சியைப் படமாக்கினார். பிற்காலத்தில் உலகெங்கும் வழக்கமாகிவிட்ட இந்தத் தெறிப்பொளி முறை, கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அமைத்த சாருவின் வீட்டை உண்மையான பகல் வெளிச்சம் நிறைந்த வீடாக நம்பச் செய்கிறது. இருளும் கூரிய நிழல்களும் சூழ்ந்த சிறைபோல் அவ்வீட்டைக் காட்டியிருந்தால் பொருள் எளிதாகியிருக்கும். வசதியும் அழகும் வெளிச்சமும் நிறைந்த வீட்டில் ஒருத்தி தனித்திருக்கிறாள் என்பதே கடினமான உண்மை.

இவ்வாறு காட்சியை அமைத்துக்கொள்வதில் ஒளிப்படக் கலையின் நிலைமை வேறு. பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் 1932இல் பாரிசின் செயின்ட் லாசர் ரயில் நிலையத்தின் பின்புறம் எடுத்த படத்தில், தேங்கிய நீரைத் தாண்டித் தாவும் மனிதனின் குதிகால் நீரைத் தொடுவதற்கு முந்தைய நொடி பதிவாகியுள்ளது; பின்சுவரில் ஒட்டிய சுவரொட்டியில் தாவும் நடனக் கலைஞரின் உருவம் அவனை அப்படியே எதிரொலிக்கிறது. இந்த ஒற்றுமையை எவரும் அமைத்துவைக்கவில்லை. நின்ற இடமும், கேமராவின் பொத்தானை அழுத்திய நொடியும், பின்னர் சட்டகத்தின் ஓரங்களை வெட்டியதும் மட்டுமே கலைஞரின் தேர்வுகள்.

அசைவைக் கலையாகக் கொண்ட திரைப்படமும் சில வேளைகளில் ஒளிப்படத்தின் இந்நிலைக்குத் திரும்புகிறது. திரைப்படம் நொடிக்கு 24 நிலைப்படங்களாகப் பதிவாகிறது. அவற்றுள் ஒன்றையே மீண்டும் மீண்டும் அச்சிட்டு அடுக்கினால் திரையில் அசைவு நின்றுபோகும். இதுவே ‘உறைந்த சட்டகம்’. ‘சாருலதா’வின் முடிவில், மனைவியின் மனத்தை அறிந்துகொண்டு வெளியேறிய பூபதி திரும்பி வருகிறார். வாசலில் சாரு கையை நீட்ட, அவர் தயங்கித் தம் கையை நீட்டுகிறார். இரு கைகளும் தொடும் முன் படம் உறைகிறது. நீட்டிய கைகள், இருவர் முகங்கள், விளக்கேந்திய பணியாள் என நிலைப்படங்கள் அடுத்தடுத்துத் தோன்றி, இறுதியில் ‘நஷ்டநீட்’, அதாவது சிதைந்த கூடு, என்ற தாகூரின் தலைப்பு திரையில் எழுகிறது. தாகூரின் கதையோ, சாருவைத் தம்முடன் அழைத்துச் செல்லப் பூபதி இறுதியில் இசையும்போது அவள் மறுத்துவிடுவதோடு முடிகிறது. எழுத்தில் ஒரு சொல்லால் மூடப்பட்ட கதவை ராய் பாதி திறந்த நிலையிலேயே நிறுத்திவிட்டார்: கைகள் சேரும் என்றோ சேராது என்றோ படம் கூறுவதில்லை. அசைவை முடக்கிய இம்முடிவு, காலம் கடந்தாலும் அவ்விருவருக்கும் இடையிலான அந்தச் சிறு இடைவெளி அப்படியே இருக்கும் என்ற எண்ணத்தை எழுப்புவதால், சமாதானத்தைவிடத் துயரத்தின் பக்கமே அதிகம் சாய்கிறது எனக் கொள்வதற்கு இடமுண்டு.

இம்முடிவும் மூலக்கதையிலிருந்து விலகிய பிற மாற்றங்களும் வங்க இலக்கிய உலகில் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. 1965இல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான வெள்ளிக் கரடி விருதைப் பெற்ற இப்படத்துக்காக, ராய் வங்கமொழியில் நீண்ட மறுப்புக் கட்டுரை ஒன்றை எழுதி, கதையில் ஆசிரியர் கூற்றாக அமைந்தவற்றைத் திரையில் செயலாகவும் பொருளாகவும் மாற்ற நேர்ந்த காரணங்களை விரிவாக எடுத்துரைத்தார். விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியைத் தொடங்கிய அவர், கணக்கேடுகளைப் போன்ற சிவப்புத் துணியட்டை நோட்டுகளில் தம் படங்களின் ஷாட்களை வரைந்தே திட்டமிட்டார். அக்கட்டுரையையும் அந்நோட்டுகளின் பக்கங்களையும் படத்தோடு ஒப்பிட்டுக் கற்கும் மாணவருக்கு, எந்தப் பொருளும் தற்செயலாகச் சட்டகத்துக்குள் வந்துவிடவில்லை என்பதற்கான சான்று இயக்குநரின் கைப்பட்ட கோடுகளிலேயே கிடைக்கிறது.