மூட்டு வலிக்கு மும்பைப் புகையும் காரணமா?

இரவு படுக்கும்போது ஒன்றுமில்லை. இரண்டு மணிக்குக் கால் பெருவிரலில் நெருப்பு வைத்தாற்போல் வலி. விடிவதற்குள் விரல் சிவந்து வீங்கிவிடுகிறது. போர்வை பட்டால்கூட உயிர் போகிறது. செருப்பு மாட்ட முடிவதில்லை. அன்றைய வேலை போச்சு. கூலியும் போச்சு.

தாராவியில் பழைய பெயிண்ட் டின்களைச் சூடாக்கிச் சுத்தம் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், இரண்டு வருடமாக இப்படி அவதிப்பட்டார். வயது 42.

"எல்லாம் இந்த ஊர்ப் பொகைதான் தம்பி. நாட்டுல இருந்த வரைக்கும் ஒரு நோவு கெடையாது" என்றார் என்னிடம்.

நம் பக்கத்தில் மூட்டு பிடித்துக்கொண்டால் பெரியவர்கள் 'வாயு' என்பார்கள். அந்த வாயு வேறு, மும்பையின் காற்று வேறு. ஆனாலும் அவர் சொன்னதில் உண்மை உண்டா? விசாரித்ததில் தெரிய வந்ததை வாசகர்களுக்குத் தருகிறேன்.

யூரிக் அமிலம்

இந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'கவுட்'. கீல்வாதத்தில் இது ஒரு வகை. உடம்பில் தினமும் யூரிக் அமிலம் உண்டாகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. மீதி குடல் வழியாகப் போகிறது. வெளியேறுவது குறைந்தால் ரத்தத்தில் அளவு ஏறும். 100 மில்லி லிட்டருக்கு 7 மில்லி கிராமைத் தொடும்போது அது ஊசி போன்ற படிகமாக மூட்டில் தங்கத் தொடங்கும். உடம்பின் காவல் அணுக்கள் அதை எதிரி என்று நினைத்துத் தாக்கும். அந்தச் சண்டைதான் வீக்கமும் வலியும்.

பரம்பரை, மது (முக்கியமாக பீர்), ஈரல், குடல், மத்தி, நெத்திலி, சர்க்கரை அதிகமுள்ள குளிர்பானம், உடல் பருமன், ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் ஆகியவை தெரிந்த காரணங்கள்.

ஈயம்

தெரியாத காரணம் ஒன்றும் உண்டு. அது ஈயம். லண்டன் டாக்டர் ஆல்பிரட் காரட் 1859-ல் எழுதிய நூலில், தம்மிடம் வந்த கவுட் நோயாளிகளில் கால்வாசிப் பேர் ஈய விஷத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்று குறிப்பிட்டார். பெரும்பாலும் பெயிண்டர்கள், குழாய் வேலைக்காரர்கள். ஈயம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. யூரிக் அமிலம் வெளியேறாமல் தேங்குகிறது. ரத்தத்தில் ஈயம் குறைவாக இருப்பவர்களிடம்கூட கவுட்டுடன் தொடர்பு காணப்படுவதாக 2012-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று தெரிவித்தது.

ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு 2017-ல் அமலுக்கு வந்தது. ஆனால் பழைய பெயிண்டும் பழைய பேட்டரியும் இன்னும் உடைபடுகின்றன, எரிகின்றன. அந்தத் தூசியையும் புகையையும் சுவாசிப்பது யார்? பட்டறையில் நிற்கும் நம் ஆட்கள்தான்.

புகையின் பங்கு

சாதாரண நகரப் புகை எப்படி? தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை போகின்றன. அங்கே அழற்சியை உண்டாக்குகின்றன. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் ஓடுகின்றன. ஏற்கெனவே மூட்டில் படிகம் இருப்பவருக்கு இது எரிகிற அடுப்பில் விறகு வைப்பது போல ஆகலாம். காற்று மாசுக்கும் கவுட்டுக்கும் தொடர்பு தெரிவதாகத் தென் கொரியாவிலும் பிரிட்டனிலும் அண்மை ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. தொடர்பு உண்டு என்பது வேறு, அதுவே காரணம் என்பது வேறு. இரண்டாவது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

முடக்குவாதத்தில் சான்று இன்னும் பலமாக இருக்கிறது. பீடி, சிகரெட் புகைப்பவர்களுக்கும், கல் உடைக்கும் தூசியில் வேலை செய்பவர்களுக்கும் அது அதிகம் வருகிறது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் நுரையீரல் நோயும் முடக்குவாதமும் சேர்ந்து வருவதை டாக்டர் கேப்லன் 1953-லேயே எழுதினார்.

செம்பூர்

மாகுல் பகுதியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் 1950-களில் வந்தவை. அங்குள்ள காற்றால் மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து இருப்பதாக தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் கூறியது. 2020-ல் நான்கு நிறுவனங்கள் சுமார் 286 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அங்குள்ள மக்களின் முக்கியப் புகார் மூச்சுத் திணறலும் கண் எரிச்சலும்தான். மூட்டைப் பற்றி இன்னும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த ஆண்டு வரம்பு 5 மைக்ரோ கிராம். நம் நாட்டு வரம்பு 40.

என்ன செய்யலாம்?

மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே இருப்பதுதான் பெரிய ஆபத்து. வலி அடங்கும், சிறுநீரகம் கெடும். யூரிக் அமிலம் இன்னும் ஏறும்.

ரத்தத்தில் யூரிக் அமிலமும் கிரியேட்டினினும் பாருங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் சரியாக இருப்பதுபோல் காட்டலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். டாக்டர் தரும் மாத்திரையை, வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். பருப்பு, பயறுக்குப் பயப்பட வேண்டாம்.

பட்டறையில் துணியால் மூக்கைக் கட்டினால் மட்டும் போதாது. சாப்பிடும் முன் கை, முகம் கழுவுங்கள். வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தைகளைத் தூக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார். கூட்டம் அப்படி.

தாராவி நண்பரை மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். யூரிக் அமிலம் 9-க்கு மேல். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. வேலையைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஈயம் பார்க்க ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். அதன் முடிவு இன்னும் வரவில்லை.

"பொகைய மட்டும் வஞ்சிக்கிட்டே ரெண்டு வருசத்த விட்டுட்டேன் தம்பி" என்றார் திரும்பி வரும்போது.

புகையைத் திட்டலாம், தப்பில்லை. ஆனால் ரத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திட்டுவோம்.