அசைவற்றுக் கிடப்பவருக்கு நம் குரல் கேட்கிறதா?



நோயாளிகளைச் சந்திக்க வீடு வீடாகச் செல்லும் நம் குருக்களும் அருட்சகோதரிகளும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. சாலை விபத்திலோ பக்கவாதத்திலோ மூளை பாதிக்கப்பட்டு, மாதக்கணக்கில் படுத்த படுக்கையாய் இருப்பவரின் தாயோ மனைவியோ கேட்பது அது. "சாமி, நாங்க பேசுறது இவருக்குக் கேக்குதா?" கண்கள் திறந்திருக்கின்றன. தூங்குகிறார், விழிக்கிறார். ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கையைப் பிடித்தால் பற்றுவதில்லை. மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். உறவினர்களோ, "மரக்கட்டை மாதிரி கிடக்கிறார், கர்த்தர் சீக்கிரம் எடுத்துக்கொண்டால் நல்லது" என்று அவர் காதுபடவே பேசிவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தது: கேட்காது. கடந்த இருபது ஆண்டுகளில் நரம்பியல் ஆய்வுகள் அந்தப் பதிலை அசைத்துவிட்டன. அவை என்ன கண்டன, என்ன காணவில்லை என்பதை நாம் அறிந்துகொள்வது, நோயாளிகள் உள்ள குடும்பங்களுக்கும் அவர்களைச் சந்திக்கச் செல்வோருக்கும் மிகவும் தேவையானது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். மூளைச்சாவு, கோமா, நாம் இங்கே பேசும் நிலை ஆகிய மூன்றும் ஒன்றல்ல. மூளைச்சாவில் மூளைத்தண்டு உட்பட முழு மூளையும் திரும்பி வராதபடி செயலிழந்துவிடுகிறது. வென்டிலேட்டர்தான் மூச்சை ஓட்டுகிறது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் இதை இறப்பாகவே ஏற்கிறது. உரிய முறையில் உறுதிசெய்யப்பட்டால் இந்த அளவுகோலை ஏற்கலாம் என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் உறுப்பு மாற்று மருத்துவர்களின் மாநாட்டில் கூறினார். கோமா என்பது கண் திறக்காத ஆழ்ந்த மயக்கம். அது பொதுவாகச் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. பிறகு நோயாளி இறக்கலாம், தேறலாம், அல்லது கண் விழித்தும் நினைவு திரும்பாத ஒரு நிலைக்கு வரலாம். இந்த மூன்றாவது நிலைக்குத்தான் 1972இல் ஸ்காட்லாந்தின் பிரையன் ஜெனட், அமெரிக்காவின் ஃபிரெட் பிளம் என்ற இரு மருத்துவர்கள் 'வெஜிடேட்டிவ் ஸ்டேட்' என்று பெயரிட்டார்கள். இவர் தானாக மூச்சு விடுகிறார், இருதயம் துடிக்கிறது, உணவு செரிக்கிறது. தன்னையும் சுற்றத்தையும் அறிவதற்கான அடையாளம் மட்டும் வெளியே தெரிவதில்லை. இவர் இறந்தவர் அல்ல, இறந்துகொண்டிருப்பவரும் அல்ல.

'வெளியே தெரிவதில்லை' என்பதுதான் இங்கே முக்கியம். படுக்கை அருகே நிற்கும் மருத்துவர், "கையைத் தூக்குங்கள், கண்ணை மூடித் திறவுங்கள்" என்று சொல்லிப் பார்க்கிறார். நோயாளி செய்யவில்லை என்றால், உணர்வு இல்லை என்று எழுதுகிறார். கேட்டும் புரிந்தும் கையைத் தூக்க முடியாதவராக அவர் இருந்தால்?

இந்தக் கேள்விக்கு 2006இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் என்ற ஆய்வாளர் விடை தேடினார். 2005 ஜூலையில் நடந்த சாலை விபத்தில் மூளை அடிபட்ட 23 வயதுப் பெண் ஒருவர், ஐந்து மாதங்களாக எந்தப் பதிலும் தராமல் இருந்தார். அவரை, மூளையில் இரத்த ஓட்டம் எங்கே கூடுகிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, "நீங்கள் டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றார்கள். உடல் இயக்கத்தைத் திட்டமிடும் பகுதி செயல்படத் தொடங்கியது. "உங்கள் வீட்டு அறைகளில் ஒவ்வொன்றாக நடந்து போவதாக நினையுங்கள்" என்றபோது, இடங்களை நினைவில் கொள்ளும் வேறு பகுதிகள் செயல்பட்டன. நலமுள்ளவர்களிடம் செய்த அதே சோதனையில் வந்த படங்களிலிருந்து அந்தப் பெண்ணின் படங்களைப் பிரித்தறிய முடியவில்லை. சொன்னதைக் கேட்டார், புரிந்துகொண்டார், கீழ்ப்படிந்தார். ஒரு விரலைக்கூட அசைக்காமல்.

2010இல் இதே குழுவினரும் பெல்ஜியத்தின் லியேஜ் நகர மருத்துவர்களும் சேர்ந்து 54 நோயாளிகளைச் சோதித்தபோது, ஐந்து பேர் இவ்வாறு கற்பனை வழியே பதில் தந்தார்கள். அவர்களில் ஓர் இளைஞரிடம், "'ஆம்' என்றால் டென்னிஸை நினையுங்கள், 'இல்லை' என்றால் வீட்டை நினையுங்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் தந்தையின் பெயர் போன்ற ஆறு கேள்விகளைக் கேட்டார்கள். ஐந்துக்குச் சரியான பதில் வந்தது. ஆறாவது கேள்விக்கு மூளை ஒன்றும் காட்டவில்லை. ஓவன் பிற்பாடு கனடாவுக்குச் சென்றார். அங்கே 12 ஆண்டுகளாக உணர்வற்றவராகக் கருதப்பட்ட ஒருவரிடம் அவர் கேட்டது 2012இல் உலகச் செய்தியாயிற்று. "உங்களுக்கு வலி இருக்கிறதா?" இல்லை என்று பதில் வந்தது. ஒரு நோயாளியிடம் மிக எளிதாக நாம் கேட்கும் கேள்வி. அதை அவரிடமே கேட்டுப் பதில் பெற 12 ஆண்டுகள் ஆயின.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? 2024 ஆகஸ்டில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. பல நாடுகளின் ஆறு மருத்துவ மையங்களில், கட்டளைக்கு வெளிப்படையாக எந்தப் பதிலும் தராத 241 பேரை எஃப்.எம்.ஆர்.ஐ. அல்லது இ.இ.ஜி. மூலம் சோதித்தார்கள். 60 பேர், அதாவது நான்கில் ஒருவர், மனத்துக்குள் கட்டளையை நிறைவேற்றினார்கள். அதே ஆய்வில் வேறொரு செய்தியும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. படுக்கையருகே வெளிப்படையாகவே கட்டளைக்குப் பதில் தந்த 112 பேரில் 43 பேரிடம்தான் கருவியால் அதைக் காண முடிந்தது. ஆகவே கருவி 'ஆம்' என்றால் உணர்வு உண்டு என்று நம்பலாம். கருவி ஒன்றும் காட்டவில்லை என்பதால் உணர்வு இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

கருவிகளை விட்டுவிட்டாலும், சாதாரணப் பரிசோதனையிலேயே தவறு மலிந்திருக்கிறது. லியேஜ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், உணர்வற்றவர்கள் என்று மருத்துவர்கள் ஒருமித்து முடிவு செய்திருந்த 44 பேரை முறையான அளவுகோல் கொண்டு மறுபடி சோதித்தார்கள். 18 பேரிடம் சிறிதளவேனும் உணர்வின் அடையாளம் இருந்தது. காரணம் மருத்துவர்களின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. இந்த நோயாளிகளின் விழிப்பு ஒரே நாளில் கூடிக் குறையும். காலையில் பதில் தருபவர் மாலையில் தரமாட்டார். காது கேளாமை, பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதியின் பாதிப்பு, வலிப்புக்குத் தரும் மருந்துகளின் மயக்கம் ஆகியவையும் உள்ளதை மறைத்துவிடும். இதனால்தான் ஒரே ஒரு சோதனையோடு முடிக்காமல், சில நாள்களுக்குள் குறைந்தது ஐந்து முறையாவது சோதிக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

கேட்பது வேறு, குணமாவது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். அதிசய மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. நல்ல சான்று உள்ளது அமான்டடின் என்ற பழைய மாத்திரைக்கு. முதலில் ஃபுளூ காய்ச்சலுக்கும், பின்னர் பார்க்கின்சன் நோய்க்கும் தரப்பட்டது. தலையில் அடிபட்டு 4 முதல் 16 வாரங்கள் ஆன 184 பேரிடம் நடந்த ஆய்வு, 2012இல் வெளிவந்தது. மருந்து உட்கொண்ட நான்கு வாரங்களில் அவர்கள் விரைவாகத் தேறினார்கள். நிறுத்தியபின் அந்த வேகம் தணிந்தது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை சிலரை விழிக்க வைக்கிறது என்ற விந்தையான செய்தி 2000ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. உண்மைதான், ஆனால் நூற்றில் சிலருக்கே. மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்துத் தூண்டும் அறுவைச் சிகிச்சையால், ஆறு ஆண்டுகளாக மிகக் குறைந்த உணர்வோடு இருந்த 38 வயது மனிதர் மீண்டும் வாயால் உண்ணவும் சில சொற்கள் பேசவும் தொடங்கினார் என்று 2007இல் அறிவிக்கப்பட்டது. அது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடப்பார் என்று சொல்லி இலட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் மட்டும் நம் குடும்பங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சில இரத்த நோய்கள் போன்றவை தவிர, ஸ்டெம் செல் பயன்பாடு ஆய்வுக்கு உரியதே அன்றி சிகிச்சை அல்ல என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தெளிவாகக் கூறுகின்றன. வீட்டையும் நகையையும் விற்றுக் கொடுத்துவிட்டு, பிறகு பிசியோதெரபிக்கும் சத்துணவுக்கும் பணமின்றித் தவிப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

இந்த ஆய்வுகள் வருவதற்கு முன்பே திருச்சபை இந்நோயாளிகளைப் பற்றிப் பேசியது. பார்க்கின்சன் நோயால் தாமே துன்புற்றுக்கொண்டிருந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 2004 மார்ச் 20 அன்று உரோமையில் கூடிய மருத்துவர்களிடம், 'வெஜிடேட்டிவ்' என்ற சொல்லே மனிதரின் மாண்பைக் குறைப்பதாக உள்ளது என்று வருந்தினார். எந்த நோயும் மனிதரைத் தாவரமாகவோ விலங்காகவோ ஆக்கிவிடாது என்றார். உணவும் நீரும் குழாய் வழியே தரப்பட்டாலும் அவை அடிப்படைப் பராமரிப்பே என்பது அவர் போதனை. 2007 ஆகஸ்டில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இதை உறுதிப்படுத்தியது. 2020இல் வெளியான 'நல்ல சமாரியர்' மடலும் இதையே வலியுறுத்துகிறது. எல்லாச் சிகிச்சையையும் எப்பாடுபட்டாவது தொடர வேண்டும் என்று திருச்சபை சொல்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. பயனற்ற, அளவுக்கு மீறிய சுமையான சிகிச்சையை ஏற்காமல் விடலாம் என்று பன்னிரண்டாம் பயஸ் 1957லேயே மருத்துவர்களிடம் கூறினார். உடல் உணவை ஏற்காத நிலை வந்தாலோ, அதுவே பெரும் வேதனையாகிவிட்டாலோ, உணவூட்டும் கடமையும் அங்கே நின்றுவிடும். உணவை நிறுத்தி உயிரைப் போக்குவது என்பதுதான் ஏற்க முடியாதது.

கவனிக்கத்தக்கது என்னவென்றால், திருச்சபையின் இந்தப் போதனை ஸ்கேன் படத்தைச் சார்ந்தது அல்ல. நான்கில் ஒருவருக்கு உள்ளே உணர்வு உண்டு என்பதால் மட்டும் நாம் அவர்களைப் பராமரிக்கத் தொடங்கினால், மற்ற மூவரின் கதி என்ன? பதில் தராதவரும் நம் சகோதரரே.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973இல் கொடிய தாக்குதலுக்கு உள்ளாகி மூளை பாதிக்கப்பட்டார். அவருக்கு உணவை நிறுத்த அனுமதி கேட்டு வந்த மனுவை 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பைப் பற்றிய சட்ட விவாதங்கள் பல உண்டு, செயலற்ற கருணைக்கொலைக்கு வழி திறந்ததும் அதே தீர்ப்புதான். நாம் நினைவில் வைக்க வேண்டியவர்கள் அந்த மருத்துவமனையின் செவிலியர்கள். மனுவை எதிர்த்தவர்கள் அவர்கள். அருணாவோடு சேர்ந்து பணியாற்றிய தலைமுறை ஓய்வு பெற்ற பிறகும், அவரை ஒருநாளும் ஆரோக்கியமாகக் கண்டிராத புதிய செவிலியர்கள் குளிப்பாட்டி, ஊட்டி, 2015 மே 18இல் அவர் இறக்கும்வரை 42 ஆண்டுகள் காத்தார்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சில செய்திகள். நோயாளியின் முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடியைப் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். வேறு எந்தப் பொருளையும்விடத் தன் முகத்தையே கண்கள் பின்தொடர்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கண் தொடர்ந்தால் அது பெரிய அடையாளம். உங்கள் செல்பேசியில் படம் பிடித்து, தேதி நேரத்தோடு மருத்துவரிடம் காட்டுங்கள். "எப்போது நன்றாக விழித்திருக்கிறார்?" என்பது அவரைவிட உங்களுக்குத்தான் தெரியும். பேசும்போது பெயர் சொல்லி அழைத்து, ஒரே ஒரு செய்தியைச் சொல்லி, பதிலுக்குச் சற்று நேரம் கொடுங்கள். நாள் முழுவதும் தொலைக்காட்சியை ஓடவிடுவது துணை ஆகாது. அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், குடும்பத்தார் பழைய நினைவுகளைத் தங்கள் குரலில் பதிவு செய்து ஆறு வாரங்கள் கேட்கச் செய்தார்கள். 15 பேரே பங்குபெற்ற சிறிய ஆய்வுதான், ஆனால் பலன் தெரிந்தது. செலவில்லாத முயற்சி இது.

நோயில் பூசுதல் அருளடையாளத்தை இவர்களுக்குத் தரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சுயநினைவோடு இருந்தபோது அதை விரும்பியிருப்பார் என்று கருத இடமிருந்தால் தரலாம் என்பதே திருச்சபைச் சட்டம். பங்குத்தந்தையிடம் தயங்காமல் சொல்லுங்கள். செபமாலை சொல்லும்போது அடுத்த அறையில் அல்ல, அவர் கட்டிலருகே, அவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் நாம், வீட்டாரிடம் "எப்படி இருக்கிறார்?" என்று கேட்பதற்கு முன், அவர் பக்கம் திரும்பி, நாம் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று அவரிடமே சொல்லுவோம். மருத்துவச் செலவு, சொத்து, இனி எத்தனை நாள் என்ற பேச்சுகளை வெளித் திண்ணையில் வைத்துக்கொள்ளலாம்.