சின்னக் கேமராவுக்குச் சீர்வரிசை

கேனான் நிறுவனம் 2007இல் எச்வி20 என்ற கையடக்க வீடியோ கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறந்தநாளையும் ஆண்டுவிழாவையும் பிடிப்பதற்கென்று வந்த பொருள்தான். ஆனால் மினி டிவி கேசட்டிலேயே எச்டி படம் பதிவானது. அமெரிக்க மாடலில் சினிமாவைப் போல நொடிக்கு 24 பிரேம், ஐரோப்பிய மாடலில் 25. போதாதா? கையில் காசில்லாத குறும்படக்காரர்கள் அதைப் பற்றிக்கொண்டு, சீர்வரிசை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

கேமராவுக்குள் இருக்கும் சென்சாரை மாற்ற முடியாது. கேமராவுக்குள் போகிற ஒளியையும் ஒலியையும் மாற்றலாம். கடையில் துணைக்கருவி எதைக் காட்டினாலும், இது அந்த இரண்டில் எதை, எவ்வளவு மாற்றுகிறது என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

என்னைக் கேட்டால் முதல் செலவு மைக்குக்குத்தான். கேமராவிலேயே உள்ள மைக் கேசட் மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேசுகிறவரோ 3 மீட்டர் தள்ளி நிற்கிறார். மோட்டாரின் உறுமல் தெளிவாகவும் வசனம் கிணற்றுக்குள்ளிருந்தும் கேட்கும். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். 3 மீட்டரிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு வந்தால் 20 டெசிபல். சட்டைக் காலரில் குத்துகிற சின்ன மைக்கே இதைச் செய்துவிடும். ஆனால் கேமராவில் மைக் துளை வேண்டும். எச்வி20இல் உண்டு, மலிவான பல மாடல்களில் கிடையாது.

அடுத்தது நடுக்கம். நின்று எடுக்க டிரைபாட் போதும். நடந்துகொண்டே எடுக்க, 1970களில் காரெட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகேம் வழி காட்டியது. கேமரா ஒரு முனை, எதிர் எடை மறு முனை என்று பாரத்தைத் தள்ளித் தள்ளி வைத்தால், கை ஆடினாலும் கருவி சட்டென்று திரும்பாது. இதே தத்துவத்தை வைத்து ஜானி லீ என்ற அமெரிக்க மாணவர் இரும்புக் குழாயும் எடைக்கட்டியும் கொண்டு 14 டாலரில் ஒன்று செய்து, செய்முறையையும் இலவசமாகத் தந்தார்.

வெளிச்சத்துக்கு தெர்மாகோல் அட்டை. வெயிலுக்கு, ஒளியைக் குறைக்கும் 43 மி.மீ. என்டி ஃபில்டர். சின்ன அறைக்கு 0.7 மடங்கு வைடு கன்வெர்ட்டர். இவற்றில் பெரிய சூட்சுமம் இல்லை.

சூட்சுமமெல்லாம் பின்னணியை மங்கவைப்பதில்தான். எச்வி20இன் 6.1 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8இல் முழுதாகத் திறந்தாலும் துளையின் விட்டம் 3.4 மி.மீ.தான். ஏறக்குறைய அதே அளவு காட்சியை ஸ்டில் கேமராவில் காட்டும் 50 மி.மீ. லென்ஸுக்கு, அதே எஃப் 1.8இல், 28 மி.மீ. விட்டம். துளை பெரிதாக இருந்தால்தான் முகம் தெளிந்து பின்னால் இருப்பது கரையும். வீடியோ கேமராவிலோ நாயகியும் அவளுக்குப் பின்னால் உள்ள காலண்டரும் ஒரே தெளிவு.

இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். கேமராவுக்கு முன்னால் ஒரு குழாய், அதன் முனையில் பழைய ஸ்டில் லென்ஸ், நடுவில் சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடி. லென்ஸ் அந்தக் கண்ணாடியில் பிம்பத்தை விழவைக்கும். வீடியோ கேமரா அந்தப் பிம்பத்தைக் கிட்டத்திலிருந்து படமெடுக்கும். கண்ணாடியின் சொரசொரப்பு படத்தில் தெரிந்தது. அது தெரியாமலிருக்கக் கண்ணாடியையே சுழற்றினார்கள் அல்லது அதிரவிட்டார்கள். வீட்டில் செய்தவர்களுக்குப் பழைய சிடி பிளேயர் மோட்டார் கைகொடுத்தது. இவ்வளவுக்கும் பிறகு வெளிச்சம் குறைந்தது, படம் தலைகீழாக வந்தது. எடிட்டிங்கில் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பொறுமையை மெச்சத்தான் வேண்டும்.

2008இல் கேனானே 5டி மார்க் 2 ஸ்டில் கேமராவில் எச்டி வீடியோவைச் சேர்த்தது. 36க்கு 24 மி.மீ. சென்சார், மங்கும் பின்னணி சும்மாவே கிடைத்தது. குழாய் அடாப்டர்களுக்கு வேலை போயிற்று. மைக் வாங்கியவர்கள் மட்டும் அதை விற்கவில்லை. புதிய கேமராவில் ஒலியளவைக் கையால் கூட்டிக்குறைக்கும் வசதி 2010இல்தான் வந்தது. எச்வி20இல் இருந்த ஹெட்போன் துளை அதில் கடைசிவரை இல்லை.