மனச்சான்றும் இயற்கையறமும்

கிறித்தவ நூலோர் அறத்தை இருதிறப்படுத்துக் கூறுவர். இறைவன் திருநூல் வாயிலாக வெளிப்படுத்தியது ஒன்று. மக்களுயிரின் அறிவின்கண் இயல்பாகவே அமைத்துவைத்தது மற்றொன்று. பின்னது இயற்கையறம் எனப்படும். அவ்வறத்தைத் தான் செய்யப்புகும் ஒரு செயலுக்குப் பொருத்தி, 'இது தகும், இது தகாது' எனத் துணியும் அறிவின் தொழிலே மனச்சான்று. முன்னது அளவுகோல், பின்னது அதுகொண்டு அளத்தல். இவ்விரண்டனையும் ஒன்றென மயங்குவாரும் உளராகலின் இவ்வேறுபாடு உணரற்பாலது.

இக்கொள்கைக்கு அடிப்படை, பவுலடிகள் உரோமையர்க்கு வரைந்த திருமுகத்தின் இரண்டாம் இயலிற் காணப்படும். மோசேயின் சட்டத்தைப் பெறாத பிறவினத்தாரும் அச்சட்டம் விதித்தவற்றை இயல்பாகச் செய்யுங்கால், அஃது அவர்தம் நெஞ்சில் எழுதப்பட்டிருத்தல் அவர் செயலாலேயே புலனாம் என்பதும், மனச்சான்று அதற்கு உடன்சான்றாம் என்பதும் ஆண்டுக் கூறப்பட்டன. 13-ஆம் நூற்றாண்டினரான தோமா அக்குவினாஸ் என்பார் இதனை விரித்து, இறைவனது என்றுமுள்ள அறத்தில் பகுத்தறிவுடைய உயிர் பங்குபெறுதலே இயற்கையறமென்றும், 'நன்மை செய்யற்பாலது, தீமை விலக்கற்பாலது' என்பதே அதன் முதல் விதியென்றும் நிறுவினார்.

அற்றேல், எல்லார் நெஞ்சினும் அவ்வறம் எழுதப்பட்டதாயின், ஒருசாரார் குற்றமெனக் கொள்வதைப் பிறிதொருசாரார் குற்றமன்றெனக் கொள்ளுதல் யாங்ஙனம் எனின், அதற்கும் அவர் விடை கூறினார். முதல் விதி ஒருஞான்றும் அழியாது. அதனின்றும் பெறப்படும் வழிவிதிகளோ தீய வழக்கத்தானும் அவாவானும் மறைக்கப்படும். பண்டைச் செருமானியர் களவைக் குற்றமெனக் கருதாமை சூலியஸ் சீசர் எழுதியதைக்கொண்டு அவர் காட்டிய எடுத்துக்காட்டாம். இனி, பிழைபட்ட மனச்சான்றாயினும் அதற்கு மாறாக ஒழுகுதல் குற்றமே. ஆயினும், அறியக்கடவதனை அறிய முயலாமையால் நேர்ந்த பிழையாயின், அம்மனச்சான்று செய்தானைக் குற்றத்தினின்றும் விடுவியாது.

இந்நுட்பம் விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி வட்டாரத்து நிகழ்ச்சியொன்றான் இனிது விளங்கும். 1920-களில் ஆண்டுக் கால்கொண்ட தீப்பெட்டித் தொழிலிலும், அதனோடு வளர்ந்த வாணத் தொழிலிலும் சிறார் பல்லாண்டு ஈடுபடுத்தப்பட்டனர். வைகறைக்கு முன்னரே சிற்றூர்களினின்றும் வண்டிகளில் ஏற்றிக்கொணரப்பட்டு, மரச்சட்டங்களிற் குச்சி அடுக்குதலும் பெட்டி ஒட்டுதலும் பிறவுஞ் செய்தனர். பதினான்கு ஆண்டு நிரம்பாதாரைத் தொழிற்சாலையில் அமர்த்தலாகாதென 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு விலக்கியது; 1986-இல் தனிச்சட்டமும் பிறந்தது. சிவகாசிச் சிறார் பற்றிய வழக்கில், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட சிறார் ஒவ்வொருவர்க்கும் 20,000 ரூபாய் முதலாளி செலுத்துக என 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏட்டிலெழுதிய சட்டம் 1950 முதல் இருந்தும், வழக்கம் அதனினும் வலிதாயிற்று என்பது இதனாற் பெறப்படும்.

ஏட்டுச் சட்டம் பிறவாமுன்னர் அச்செயல் குற்றமன்றுகொல் எனின், அன்று. உடலும் உள்ளமும் முதிராத சிறாரைத் தொழிற்சாலைக்கு அனுப்பலாகாதெனப் பதின்மூன்றாம் லியோ என்னும் பாப்பரசர் 1891-இலேயே தொழிலாளர் நிலைபற்றிய திருமுகத்தில் எழுதினார். அவர் காட்டிய காரணம் யாதொரு நாட்டின் சட்டமுமன்று. முற்றாத பயிரைக் கடும்பனி கருக்குமாபோல, இளமையில் வந்த கடுந்தொழில் மகவின் வளர்ச்சியைக் கெடுக்கும் என்னும் இயற்கையே.

'ஊரெல்லாஞ் செய்ததனையே யானுஞ் செய்தேன். குற்றமென அறிந்திலேன்' என ஒருவன் கூறின், அவன் தன் மகவை எங்கு அனுப்பினான் என வினவுக. பள்ளிக்கு எனின், அவ்விடையே அவன் நெஞ்சில் அறம் எழுதப்பட்டிருந்தமைக்குச் சான்றாம். தன் மகவுக்குத் தகாதென அறிந்ததனைப் பிறர் மகவுக்குத் தகுமெனக் கொண்டது அறியாமையன்று, அறிய விரும்பாமையே. பசியால் மகவை அனுப்பிய தாயின் நிலையோ வேறு. அவள் நெஞ்சு உறங்கிற்றன்று. வேறு வழியின்றி வருந்திற்று. இருவரையும் ஒருதட்டில் வைத்தல் நீதியாகாது.

திருவள்ளுவனாரும் வாய்மையதிகாரத்துள் பொய்த்தானை ஒறுக்கும் பொறுப்பை அவன் நெஞ்சினிடத்தேயே வைத்தார். அந்நெஞ்சின் ஒளியை மறைப்பது தொன்றுதொட்ட ஆணவமென்பர் சைவர். முதற்பெற்றோர் வழிவந்த பாவமென்பர் கிறித்தவர். மறைப்பின் காரணத்தில் மாறுபட்டாராயினும், மறைக்கப்பட்டது அழிந்துபோயிற்றன்று என்பதில் இருசாராரும் ஒருப்படுவர். ஆகலின், மனச்சான்று கடியவில்லை என்பதுகொண்டு ஒரு செயலை நன்றெனத் துணிதல் சாலாது. அது வழக்கத்தால் உறங்கிற்றோ என ஆராய்தலும் அறத்தின்பாற்பட்டதேயாம்.