உங்களுக்குத் தெரியுமா? விரல்களை மடக்கும் தசை விரலுக்குள் இல்லை!

● ஒரு கையில் 27 எலும்புகள்: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. ஆனால் விரலை மடக்கி நீட்டும் தசை ஒன்றுகூட விரலுக்குள் கிடையாது.

● அந்த வேலையைச் செய்பவை முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ள தசைகள். முன்கைத் தசைகளின் நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து வந்து விரல் எலும்புகளில் பிணைகின்றன. ஒரு கையால் மறு கையின் முன்கையைப் பற்றிக்கொண்டு, அந்த மறு கையின் விரல்களை மடக்கிப் பாருங்கள். உள்ளே தசை அசைவது தெரியும்.

● தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. ஆகவே மடக்க ஒரு தசை, நீட்ட வேறொரு தசை. முன்கையின் உட்புறத் தசைகள் மடக்குகின்றன. வெளிப்புறத் தசைகள் நீட்டுகின்றன.

● கட்டைவிரலின் அடிமூட்டு குதிரைச் சேணம் போன்ற வடிவம் கொண்டது. அதனால்தான் கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளைத் தொட முடிகிறது. அப்படித் தொட முடிவதால்தான் நாம் பேனா பிடிக்கிறோம், ஊசியில் நூல் கோக்கிறோம்.

● நெட்டி முறிக்கும்போது கேட்பது எலும்பு உரசும் ஒலி அல்ல. அந்த ஒலி, மூட்டுத் திரவத்தில் அழுத்தம் சட்டெனக் குறைந்து வாயுக் குமிழ் உண்டாவதோடு தொடர்புள்ளது. அந்த வாயு மீண்டும் கரைய ஏறத்தாழ 20 நிமிடம் ஆவதால், அதே விரலில் உடனே மறுபடி சத்தம் வராது.