கவ்வி தளரும் அந்த ஐந்து நிமிடங்கள்

கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை நடைபெறும் அரங்கின் வெளியே காத்திருக்கும் குடும்பத்தார், அறுவை நிபுணரின் பெயரை நன்கு அறிந்திருப்பார்கள். நோயாளியின் தலைமாட்டில் பல மணி நேரம் விழித்து நிற்கும் மயக்க மருத்துவரின் பெயரை அறிந்தவர் சிலரே. இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும்போது உயிரைத் தாங்கிப் பிடிப்பவர் அவர்தாம்.

கல்லீரல் சுருங்கி இறுகிய நோயாளிக்கு இரத்தக் குழாய்கள் முன்னரே தளர்ந்து விரிந்திருப்பதால் அழுத்தம் குறைவாகவே இருக்கும். பழைய கல்லீரலைப் பிரித்தெடுக்கையில் இரத்தமும் இழக்கப்படுகிறது. ஆயினும் மிகக் கடுமையான வேளை, குழாய்களை அடைத்திருந்த கவ்விகள் தளர்ந்து, புதிய கல்லீரலுக்குள் இரத்தம் பாயும் வேளையே. பனிக்குளிரில் காக்கப்பட்ட உறுப்பின் வழியாகக் குளிர்ந்த, அமிலமும் பொட்டாசியமும் மிகுந்த இரத்தம் இதயத்தைச் சென்று சேர்கிறது. துடிப்பு மந்தமாகும், குழாய்கள் மேலும் விரியும். முதல் 5 நிமிடங்களுக்குள் சராசரி அழுத்தம் 30 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்து 1 நிமிடமாவது நீடித்தால், அதனை ரீபெர்ஃபியூஷன் சிண்ட்ரோம் என்கின்றனர். 1987இல் வெளிவந்த இவ்வரையறை இன்றும் வழங்குகிறது.

இதற்கான ஆயத்தம் முன்னரே தொடங்கிவிடும். மணிக்கட்டுத் தமனியில் செருகிய மெல்லிய குழாய், துடிப்புக்குத் துடிப்பு அழுத்தத்தைத் திரையில் காட்டும். உறுப்பினுள் தங்கிய பாதுகாப்புத் திரவம் கழுவி அகற்றப்படும். இதயத்தைக் காக்கக் கால்சியம், குழாய்களை இறுக்க நோரட்ரினலின், அவசரத்துக்குச் சிறிதளவு அட்ரினலின் ஆகியவை ஊசிகளில் தயாராயிருக்கும். அழுத்தம் குறைந்தால் திரவத்தை மேன்மேலும் ஏற்றலாமே என்று நமக்குத் தோன்றும். அளவு மிஞ்சினால் புதிய கல்லீரல் வீங்கும், இரத்தக்கசிவும் பெருகும்.

1998இல் டெல்லியில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் கல்லீரல் பகுதி வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. நம் நாட்டில் இன்றும் பெரும்பாலும் உறவினரே தருகின்றனர். அவ்வாறு தரப்படும் பகுதி குளிரில் காத்திருக்கும் நேரம் குறைவு. அது ஓர் அனுகூலம்.

உங்கள் இல்லத்தில் ஒருவர் இச்சிகிச்சைக்குச் செல்வாராயின், மயக்க மருத்துவரிடம் எதையும் மறைக்காதிருங்கள். புரோப்ரனலால் போன்ற மாத்திரைகள் இதயத்துடிப்பைக் குறைப்பவை. நீண்டகால மதுப்பழக்கம் இதயத்தசையையும் தளர்த்தியிருக்கக்கூடும். சபைக் குடும்பங்களில் இந்த இரண்டாவதைச் சொல்ல நாணுகிறோம்; போதகர் அருகில் நின்றால் இன்னும் அதிகமாக. அப்படியானால் போதகரை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள், நாங்கள் வருந்தமாட்டோம். உண்ணும் மாத்திரைகள், நாட்டு மருந்துகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அவரே கூறுவார்.