மூன்றாவது கம்பி: வீட்டில் மின்வண்டி சார்ஜர் பொருத்தியபோது கற்றவை

அனுப்பர்பாளையத்தில் உள்ள என் வீட்டிலிருந்து பள்ளிக்கு 21 கிலோமீட்டர். போக வர 42. பெட்ரோல் செலவைக் கணக்குப் பார்த்துப் பார்த்து, ஒரு வழியாக மின்சாரக் கார் வாங்கினேன். வண்டியோடு ஒரு சார்ஜரும் வந்தது. 15 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் போதும் என்றார்கள். கார் நிறுத்தும் இடத்தில் பழைய 15 ஆம்பியர் பிளக் ஒன்று இருந்தது. சொருகினேன். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி சார்ஜ் ஏறவில்லை. எர்த் இல்லை என்பதற்கான எச்சரிக்கை அது.

தெரிந்த வயர்மேன் ஒருவரை அழைத்தேன். பார்த்துவிட்டு, "இது ஒண்ணுமில்லீங்க சார். நியூட்ரல்ல இருந்து எர்த் பின்னுக்கு ஒரு சின்ன வயர் லிங்க் போட்டு விட்டுட்டா பச்சை லைட் எரிஞ்சுரும். நிறைய ஊட்டுல இப்படித்தான் போட்டுக் குடுத்திருக்கறனுங்க" என்றார். பத்து நிமிட வேலை. அடுத்த நாள் காலையில் பள்ளிக்குப் போயாக வேண்டும். "சரிங்கண்ணா, போட்டுருங்க" என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது.

அன்று மதியம்தான் பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடத்தில் வீட்டு மின்சுற்றை நடத்தியிருந்தேன். மூன்று கம்பிகளையும் கரும்பலகையில் வரைந்து, எர்த் எனப்படும் புவித்தொடுப்பின் பயனை இரண்டு வரியில் எழுதிப்போட்டு, "இது தேர்வுக்கு வரும்" என்றும் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு என்ன பொருள் என்று என் வீட்டுச் சுவர் முன்னால் நின்றபோதுதான் யோசித்தேன். "இருங்கண்ணா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று அவரை அனுப்பிவிட்டேன். அடுத்த இரண்டு வாரம் பேருந்தில்தான் பள்ளிக்குப் போனேன். அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டதை, வகுப்பில் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சின்ன வயர் என்ன செய்யும்?

நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்கிலேயே இணைத்துவிட்டால், எர்த் இருப்பதாகச் சார்ஜர் நம்பிவிடும். எல்லாம் சரியாக இருக்கும் வரை ஒன்றும் நடக்காது. ஆபத்து, நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தாலோ தளர்ந்தாலோ தொடங்குகிறது. அப்போது ஃபேஸ் கம்பியில் வரும் மின்சாரம் சார்ஜர் வழியாக நியூட்ரல் முனைக்கு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கும். நாம் போட்ட இணைப்பு அதை எர்த் பின்னுக்குக் கொண்டுபோகும். எர்த் பின் வண்டியின் உலோக உடலோடு இணைந்திருக்கிறது. ஆக, காரின் கதவு 230 வோல்ட்டில் நிற்கும். ஃபியூஸ் போகாது, எம்.சி.பி.யும் விழாது. ஏனென்றால், யாராவது ஈரத் தரையில் நின்று கதவைத் தொடும் வரை மின்னோட்டம் பாயவே வழியில்லை.

சார்ஜரின் சிவப்பு விளக்கு உயிரைக் காப்பதற்காக வைத்தது. அதை ஏமாற்றுவது, வீட்டில் புகை வருகிறதே என்று புகை எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பது போன்றது.

எர்த் குழியும் ஓமின் விதியும்

எங்கள் வீட்டில் எர்த் குழி இல்லாமல் இல்லை. வீடு கட்டியபோது கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கியிருந்தார்கள். கோடையில் அதில் தண்ணீர் ஊற்றுவது அம்மாவின் வேலை. அவர் காலத்திற்குப் பின் யாரும் ஊற்றவில்லை. எங்கள் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி. மண் காய்ந்தால் அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அயனிகள் நகர வழியில்லை, மின்தடை ஏறிவிடும். அத்துடன் குழாயில் கட்டியிருந்த கம்பியும் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது.

இங்கே ஓமின் விதியை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். எர்த் குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ் கம்பி வண்டியின் உடலைத் தொட்டுவிட்டால் எர்த் வழியே பாயும் மின்னோட்டம் 230 ÷ 10 = 23 ஆம்பியர். சுற்றில் இருப்பது 20 ஆம்பியர் எம்.சி.பி. குறித்த அளவைவிடச் சற்றே கூடுதலான மின்னோட்டத்திற்கு எம்.சி.பி. உடனே விழாது, நீண்ட நேரம் தாங்கிக்கொண்டிருக்கும். அவ்வளவு நேரமும் வண்டியின் உடலில் மின்சாரம் இருக்கும். எர்த் இருந்தும் பயனில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் ஆர்.சி.சி.பி. மின்வாரியம் இதை உயிர்காக்கும் சாதனம் என்கிறது. ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்பதை மட்டும் இது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவு வேறு வழியில் கசிந்தாலே நொடியின் சிறு பகுதியில் இணைப்பைத் துண்டித்துவிடும். 23 ஆம்பியருக்கு அசையாத எம்.சி.பி. எங்கே, 0.03 ஆம்பியருக்கு விழும் இந்தச் சாதனம் எங்கே! எம்.சி.பி. கம்பியைக் காக்கிறது, ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கிறது என்று மாணவர்களிடம் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் கற்றேன். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். மல்டிமீட்டரின் உள்தடை மிக அதிகம்; அது எடுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது. எனவே மோசமான எர்த்திலும் அது 230 காட்டும். குழியின் தடையை அளக்க எர்த் டெஸ்டர் என்று தனிக் கருவி உண்டு. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஒருவர் அதை வைத்து அளந்தார். பழைய குழியை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு குழி போட்டோம்.

கம்பியின் தடிமன் ஏன் முக்கியம்?

அனுப்பர்பாளையத்துக்காரர்களுக்குச் செம்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. செம்பு, பித்தளை, எவர்சில்வர் பாத்திரப் பட்டறைகளின் தட்டல் ஓசையில் வளர்ந்த ஊர் இது. தகட்டின் கனத்தைக் கையில் எடுத்த உடனே சொல்லிவிடும் தொழிலாளர்கள் என் மாணவர்களின் வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் வீட்டுச் சுவருக்குள் போகும் செம்புக் கம்பியின் கனத்தை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

என் வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிறுத்தும் இடத்திற்கு 20 மீட்டர். போட்டிருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. போக 20, வர 20 என்று நீளம் 40 மீட்டர். செம்பின் மின்தடை எண் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். கணக்கிட்டால் கம்பியின் தடை சுமார் 0.45 ஓம். இதில் 15 ஆம்பியர் பாய்ந்தால் I²R விதிப்படி 225 × 0.45, ஏறத்தாழ 100 வாட் வெப்பம் சுவருக்குள் உருவாகும். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் தடை 0.17 ஓம், வெப்பம் 38 வாட்தான்.

வாட்டர் ஹீட்டரும் இதே அளவு மின்னோட்டம் எடுக்கிறதே, அப்போது சுடவில்லையே என்று கேட்கலாம். ஹீட்டர் கால் மணி நேரம் ஓடும். கார் காலியாக இருந்தால் 8 மணி நேரம் ஓடும். ஜூல் வெப்ப விதியில் கடைசியில் நிற்கும் t என்ற எழுத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். வீட்டு வயரிங்கில் அதுதான் மின்வண்டி கொண்டுவந்த புதுமை. இத்தனை மணி நேரம் இடைவிடாமல் இவ்வளவு மின்னோட்டம் எடுக்கும் பொருள் நம் வீடுகளில் இதற்கு முன் ஏறக்குறைய இல்லை.

கம்பியைவிடப் பெரிய ஆபத்து இணைப்பில் இருக்கிறது. பிளக்கில் ஒரு திருகு தளர்ந்து, அந்த இடத்தில் 0.2 ஓம் தடை ஏற்பட்டால் 225 × 0.2 = 45 வாட். நம் ஆய்வகத்தில் பற்றவைக்கப் பயன்படுத்தும் சாலிடரிங் அயர்ன் 25 வாட். அதைவிடக் கூடுதல் வெப்பம் ஒரு திருகு முனையில், பிளாஸ்டிக்குக்கு நடுவில், இரவு முழுதும். பிளக்கின் பித்தளைப் பிடி வெப்பத்தில் இறுக்கம் இழக்கும். இறுக்கம் இழந்தால் தடை கூடும். தடை கூடினால் இன்னும் சுடும். கருகிய பிளக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன.

சுவரில் இருக்கும் பெட்டி சார்ஜர்தானா?

கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. பேட்டரிக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் உண்மையான சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. சுவர்ப்பெட்டி பாதுகாப்பான ஒரு சுவிட்ச். எர்த் இருக்கிறதா, வண்டி சரியாக இணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மின்சாரத்தை விடும். "இவ்வளவு ஆம்பியர்தான் எடுக்கலாம்" என்று 1 கிலோஹெர்ட்ஸ் துடிப்புச் சைகை மூலம் வண்டிக்குச் சொல்லும். சாலையோர விரைவு சார்ஜர் நிலையங்களில்தான் மாற்றும் வேலை வெளியே நடந்து, நேர்மின்னோட்டம் நேராகப் பேட்டரிக்குப் போகிறது.

வீட்டுக்கு 3.3 கிலோவாட், 7.2 கிலோவாட் என இரு அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. முதலாவது சுமார் 15 ஆம்பியர், இரண்டாவது சுமார் 32 ஆம்பியர் எடுக்கும். எங்கள் வீட்டில் ஒருமுனை இணைப்புதான், 3.3 கிலோவாட் போதும் என்று முடிவு செய்தேன்.

மின்கட்டணம்

வீட்டு இணைப்பிலேயே சொந்த வண்டிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்பதை ஒன்றிய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தெளிவுபடுத்தியிருக்கின்றன. ஆனால் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமானதா என்று பார்த்து, தேவையானால் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன்.

என் வண்டி ஒரு யூனிட்டுக்குச் சுமார் 7 கிலோமீட்டர் ஓடுகிறது. நாளுக்கு 42 கிலோமீட்டருக்கு 6 யூனிட். சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 7 யூனிட். இரண்டு மாதத்தில் 50 வேலை நாள் என்றால் 350 யூனிட். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. அதன்பின் பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். எனவே வண்டிக்கான செலவைப் பழைய சராசரி விலையில் கணக்கிடக் கூடாது; வீட்டின் வழக்கமான பயன்பாட்டுக்கு மேல் வரும் யூனிட்டுகளின் விலையில் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தும் பெட்ரோலைவிடக் குறைவாகவே வருகிறது. படிநிலைக் கட்டணத்தை ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வகுப்பறைக்கு வந்தபோது

கார் வைத்திருப்பவர்கள் என் மாணவர்களின் வீடுகளில் குறைவு. மின்சார ஸ்கூட்டர் பல வீடுகளில் வந்துவிட்டது. பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா, இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறார். ஸ்கூட்டர் எடுக்கும் மின்னோட்டம் காரைவிடப் பல மடங்கு குறைவு. இஸ்திரிப் பெட்டி அளவுதான் அல்லது அதற்கும் கீழ். ஆனால் அது வரிசை வீட்டின் ஒற்றை அறைக்குள், வாசலை ஒட்டி, எக்ஸ்டென்ஷன் பெட்டியில் விடிய விடிய ஏறுகிறது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த மகள் பள்ளி மாணவி. அவ்வாண்டில் நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததையடுத்து, பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பர் முதல் கடுமையாக்கப்பட்டன. வண்டி பாதுகாப்பானதாக மாறலாம். வீட்டுப் பிளக்கைப் பாதுகாப்பானதாக மாற்றுவது நம் பொறுப்பு.

எனவே பாடம் முடிந்ததும் மாணவர்களுக்கு ஒரு தாள் கொடுத்தேன். எதையும் தொடக் கூடாது, கழற்றக் கூடாது. கண்ணால் பார்த்து எழுத வேண்டும். கேள்விகள் இவைதான்:

1. வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? அதில் சோதனைப் பொத்தான் உண்டா?
2. எர்த் குழி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினார்கள்?
3. எந்தப் பிளக்காவது கருகியோ நிறம் மாறியோ இருக்கிறதா?
4. ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எத்தனை பொருள்கள் சொருகியிருக்கின்றன?
5. மின்வண்டி இருந்தால், அது சார்ஜ் ஏறும் இடத்திற்கும் வெளியேறும் வழிக்கும் எவ்வளவு தூரம்?

ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "எங்கள் வீட்டுப் பிளக்கில் இரண்டு ஓட்டைதான் இருக்கிறது. அதனால் ஸ்கூட்டர் சார்ஜரில் மேலே இருந்த பெரிய பின்னை அப்பா உடைத்துவிட்டார். அதுதான் நீங்கள் சொன்ன மூன்றாவது கம்பியா சார்?"

அதுதான். மறுநாள் மாலை அவளுடைய அப்பாவிடம் பேசினேன். பித்தளைக் குடத்துக்குப் பாலிஷ் போடும் தொழிலாளி. வீடு வாடகை வீடு. பிளக் மாற்றச் சுமார் நூறு, இருநூறு ரூபாய். எர்த் குழி போடுவது வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டிய வேலை. "நானும் உங்கொட வந்து பேசட்டுங்களா?" என்று கேட்டேன். இருவரும் போய்ப் பேசினோம். வீட்டுக்காரர் மூன்று வாரம் கழித்து அந்த வரிசை முழுவதற்கும் சேர்த்து ஒரு குழியும், மீட்டர்களுக்குப் பக்கத்தில் ஆர்.சி.சி.பி.களும் போட்டுக் கொடுத்தார். அதுவரை ஸ்கூட்டர் பட்டறையில் சார்ஜ் ஏறியது.

என் வீட்டில் இப்போது 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனிச் சுற்று, 20 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., புதிய எர்த் குழி ஆகியவை இருக்கின்றன. மாதம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். பத்தாம் வகுப்பில் புவித்தொடுப்புக்கு இப்போது இரண்டு வரி எழுதிப்போடுவதில்லை. ஒரு முழுப் பாடவேளை எடுத்துக்கொள்கிறேன். மேலே உள்ள ஐந்து கேள்விகளை உங்கள் வகுப்பிலும் கொடுத்துப் பாருங்கள். வரும் பதில்களில் ஒன்றாவது உங்களை ஒரு மாணவரின் வீடு வரை நடக்க வைக்கும்.